வராதவரின் பெயர்

ரண்டர்ஸ்
டென்மார்க்
14.02.1988

அக்கா,

நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அவர் கிழித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டார். அவர் வாசிக்கும்போது பின்னால் நின்று நானும் வாசித்தேன். "நிறோஷினியைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று அம்மாவுக்கு எழுதுகிறீர்களே, இங்கே எந்த நிறோஷினி இருக்கிறாள்? நான் விக்ரோரியா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வாய்க்கொழுப்பு. இஞ்ச பொலிஸ் உடைச்சு வாசிச்சா என்ன செய்யிறது?" என்றார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுதானே அப்பா."

"பேர் விளங்கும்தானே."

அதனால்தான் அவருடைய கடிதங்களில் நான் நீயாகவும் நீ நானாகவும் இருக்கிறோம். கதவைப் பூட்டிய பிறகும் என்னை விக்ரோரியா என்றுதான் கூப்பிடுகிறார். வாய் பழகிவிட வேண்டுமாம்.

ஆனால் நீ ஒன்று பிழையாக எழுதியிருக்கிறாய். உன் இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜில் உனக்குக் கொப்பளிப்பான் போட்ட அன்று காலை நான் நித்திரை. "முகம் முழுக்கக் கொப்பளத்தோட பிளேனில ஏத்தேலாது, ரிக்கற்றையும் மாத்தேலாது" என்று ஏஜென்ட் கத்தியது கனவில் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அப்பா என்னை எழுப்பினார். உன் சட்டை எனக்குப் பெரிது என்று அம்மா இடுப்பில் ஊசி குத்திவிட்டா. "பாஸ்போட்டில இருக்கிறது உன்ர அக்கா. ஆர் கேட்டாலும் நீ விக்ரோரியா, வயது பதினாலு" என்றார் அப்பா. எனக்கு அப்போது பன்னிரண்டு.

இங்கே வந்து அகதியாகப் பதிந்தபோதும் அதையே சொன்னோம். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். ஊரில் விட்டுவந்தது மனைவியையும் சின்ன மகள் நிறோஷினியையும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சின்ன மகளாகத்தான் இனி நீ வர வேண்டும்.

கடதாசியில் எனக்குப் பதினாறு. அதனால் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறேன். பாதி விளங்குவதில்லை. இப்போது கிரீன்லாந்து படிக்கிறோம். இங்கர் ரீச்சர் இடங்களின் பெயர்களைத் தொப்பிக்குள் போட்டு எடுக்கச் சொன்னா. எனக்கு ஒரு மலை வந்தது. அதைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று கதைக்க வேண்டும்.

அப்பா நித்திரையான பிறகு குளியலறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். நீ பதில் எழுதினால் கீழ்வீட்டுப் பவளராணி அக்காவின் விலாசத்துக்குப் போடு. அவவுக்கு விஷயம் தெரியாது. அப்பாவோடு கோபம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை.

நிறோ

*

பாஷையூர்
22.03.1988

நிறோஷினி,

உனக்கு மலை விழுந்திருக்கிறது. எனக்கு இரட்டைப் பின்னல் விழுந்திருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா என்னை இருத்திப் பின்னிவிடுகிறா. நீ விட்டுப்போன வெள்ளைச் சட்டையைத் தையல் பிரித்து எனக்குப் போடுகிறா. பிரித்தும் மூச்சு விட இடமில்லை. பிறகு கொழும்பு விசா நேர்முகத்துக்குப் பாடம் நடக்கிறது.

"பேர் என்ன?"

"நிறோஷினி."

"வயது?"

"பதினாலு."

"அக்கா எங்க?"

"டென்மார்க்கில."

கடைசிப் பதிலுக்கு ஒருநாள் சிரித்துவிட்டேன். அகப்பைக் காம்பால் அடி விழுந்தது. பிறகு அம்மா அடித்த இடத்தைத் தடவிக்கொண்டு அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

போன கிழமை கோயில் சந்தியில் இந்தியன் ஆமிக்காரன் மறித்துப் பெயர் கேட்டான். எந்தப் பெயரைச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்தது ஒரு கணம்தான். தன்னுடைய பெயரைச் சொல்ல யோசிக்கிற பெட்டையை எவன் நம்புவான்? மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் வெயிலில் நிறுத்தினான். சுவாமியார் வந்து, "இவள் எங்கட சூசைதாசன்ர மூத்த மகள்" என்று சொன்ன பிறகுதான் விட்டான். இங்கே எல்லோருக்கும் தெரியும் நான் யார் என்று. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்னும் கேள். வருகிற ஓ.எல். சோதனையை நான் எழுதக் கூடாதாம். விக்ரோரியா டென்மார்க்கில் இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் எப்படிச் சோதனை எழுதுவாள் என்று அப்பா அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். நான் படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கடலிலா?

என் இடத்தை நீ கேட்டு வாங்கவில்லை. சரி. திருப்பித் தரவும் இல்லை.

அந்த மலையைப் பற்றி விருப்பமென்றால் எழுது. எனக்கு ஒன்றுமில்லை. இங்கே வாசிக்க வேறு பேப்பரும் வருவதில்லை.

விக்ரோரியா

*

ரண்டர்ஸ்
29.05.1988

அக்கா,

உன் கடிதத்தை வாசித்த பிறகு உனக்கு எழுத எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் எழுத வேறு யாரும் இல்லை.

வகுப்பில் கதைத்து முடித்துவிட்டேன். மலையின் பெயர் பீற்றர்மன் மலை. கிரீன்லாந்தின் கிழக்குப் பக்கத்தில், உள்ளே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே ஊர் ஒன்றும் இல்லை. 1870இல் ஒரு ஜெர்மன் கப்பல் பனிக்கட்டிகளுக்குள் நுழைந்து அந்தக் கரைக்குப் போனது. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய கடல் ஒன்று உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்ததாம். அதற்குள்ளே போன சிலர் கரையிலிருந்த ஒரு மலையில் ஏறினார்கள். அங்கிருந்து பார்த்தபோது மற்ற எல்லா மலைகளுக்கும் மேலாக ஒரு வெள்ளைக் கூம்பு தெரிந்தது. கிட்டப் போக முடியவில்லை. தூரத்தில் நின்றபடியே உயரம் கணித்தார்கள். கூடக் கணித்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே பெயரும் வைத்தார்கள். முதன்முதலில் அதன் உச்சியில் ஆட்கள் ஏறியது 1929இல்தான். அதுவரை ஒருவரும் தொடாத மலைக்கு ஐம்பத்தொன்பது வருடமாகப் பெயர் மட்டும் இருந்திருக்கிறது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் யெஸ்பர் என்ற பெடியன் கையை உயர்த்தினான்.

"பீற்றர்மன் என்றால் யார்? கப்பல் தலைவனா?"

"இல்லை. ஜெர்மனியில் வரைபடம் வரைகிறவர். அந்தப் பயணத்துக்கு ஆட்களை அனுப்பியவர்களில் பெரிய ஆள்."

"அவர் மலையைப் பார்த்தாரா?"

"இல்லை. கிரீன்லாந்துக்கு அவர் போகவேயில்லை."

"அப்படியென்றால் ஏமாற்று."

எல்லோரும் சிரித்தார்கள். இங்கர் ரீச்சரும் சிரித்துவிட்டு, "ஒருமுறை வரைபடத்தில் ஏறிவிட்டால் பெயரை மாற்றுவது கஷ்டம், விக்ரோரியா" என்றா. அவ மலையைத்தான் சொன்னா. முன்பு அந்தப் பக்கம் வாழ்ந்த மக்கள் மலைக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று நான் கேட்டேன். தெரியாது, கப்பல் போன காலத்தில் கேட்பதற்கு அங்கே ஆட்கள் இல்லை என்றா.

நீங்கள் வரும் விஷயம் அசையவில்லை. நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்பாவுக்கு விசர் பிடித்துவிட்டது. "நித்திரை கொள்ளுறவன்ர கால்ல போய் உரஞ்சச் சொல்லுறியோ?" என்றார். மற்றத் தமிழ் ஆட்கள் எல்லோரும் போய்க் கேட்கிறார்கள். அவர் மட்டும் கேட்பதில்லை. கேட்டால் எங்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்.

இங்கர் ரீச்சரிடம் சொல்லிவிடலாமா என்று சில நேரம் யோசிக்கிறேன். வாய் வருவதில்லை.

நிறோ

*

பாஷையூர்
08.01.1989

நிறோஷினி,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றுதான். உனக்கு நோகட்டும் என்று.

நான் சோதனை எழுதிவிட்டேன். என் பெயரில். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தையல் பழகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் எழுதினேன். மண்டபத்தில் பெயர் கூப்பிட்டபோது மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொன்னேன். மேற்பார்வைக்கு நின்ற மிஸ் நிமிர்ந்து பார்த்தா. பார்க்கட்டும்.

இனி அப்பா என்ன செய்வார்? யாழ்ப்பாணத்தில் ஒரு விக்ரோரியா சோதனை எழுதியிருக்கிறாள். ரண்டர்ஸில் ஒரு விக்ரோரியா மலையைப் பற்றிக் கதைக்கிறாள். எவளை அழிப்பார்?

உன் மலைக் கதையை நாலைந்து தரம் வாசித்தேன். அங்கே வராத ஒருவனின் பெயரை அது சுமந்துகொண்டு நிற்கிறது. நீயும் அங்கே வராத ஒருத்தியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறாய். உனக்கு இது தெரியாமல் நீ எழுதியிருக்க மாட்டாய். தெரிந்துகொண்டே, "மலை இப்படி, கப்பல் இப்படி" என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி எனக்கு ஒப்புவிக்கிறாய். மலைக்கு வாயில்லை, அது நிற்கும். உனக்கு வாய் இருக்கிறது. டெனிஷும் கதைக்கிறது. உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வராதோ?

முன்பு இருந்த பெயரைக் கேட்பதற்கு ஆட்கள் இல்லை என்று உன் ரீச்சர் சொன்னாவாம். இங்கே ஆள் இருக்கிறது. கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

வருகிற ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு பிள்ளை என்று சொல்லி என் சொந்தப் பெயரில் என்னைக் கூப்பிட முடியாதாம். சுவாமியார் விசாரித்துச் சொன்னார். இதை அப்பாவுக்குச் சொல். சொல்லப் பயமென்றால் வாசித்துக் காட்டு. அதுக்கும் பயமென்றால் குளியலறையில் இருந்து அழு.

விக்ரோரியா

*

ரண்டர்ஸ்
16.04.1989

அக்கா,

வாசித்துக் காட்டினேன்.

உன் சோதனை விஷயம் வந்த இடத்தில் அப்பா மேசையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தார். எனக்கு அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது என்று இருந்தது. கீழே பவளராணி அக்கா விளக்குமாற்றுத் தடியால் தன் முகட்டில் இடித்தா. அதோடு அப்பா அடங்கிவிட்டார்.

பிறகு வேறொன்று நடந்தது. அப்பா கோப்பை கழுவுகிற ஹோட்டலில் யாரோ ஒரு பேப்பரைக் கொடுத்து, "இது உங்கள் ஆட்களைப் பற்றி" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கொண்டுவந்து மேசையில் விரித்து வாசிக்கச் சொன்னார். தமிழ் அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சில் பார்க்கவேயில்லையாம். பார்க்காமல் வைத்திருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். சட்டப்படி எங்களுக்கு உரிமை இருந்ததாம். நான் தமிழில் சொன்னேன்.

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

"எங்கட மட்டுமோ?"

"இல்லையப்பா. எல்லாற்றயும்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "என்ர பொய்யை மணந்து பிடிச்சிட்டாங்கள், அதாலதான் பிந்துது எண்டு நினைச்சன்" என்றார். "ஒருத்தனும் பிரிச்சுக்கூடப் பாக்கேல்ல."

அக்கா, எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்துத் தள்ளவேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு காலமும் வீட்டுக்குள்ளேயே என் பெயரைச் சொல்லாமல் வைத்திருந்தார். யாருக்குப் பயந்து? எங்கள் பெயர்களை வாசித்தே பார்க்காத ஆட்களுக்கு.

இப்போது பேப்பரில் வந்துவிட்டதால் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஜூன் மாதம் அப்பாவை வரச் சொல்லி, அகதிகளை விசாரிக்கும் பொலிஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஊரிலிருக்கிற மகளின் வயதில் சந்தேகம் வந்தால் எலும்பைப் படமெடுத்துப் பார்ப்பார்கள் என்று அப்பா எங்கேயோ கேட்டு வந்திருக்கிறார். ஆனாலும் நீ நிறோஷினியாகவே வர வேண்டும், பதினைந்து என்றே சொல்ல வேண்டும் என்கிறார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்கிறார்.

நான் சொல்லட்டுமா? நீ ஓம் என்றால் சொல்கிறேன்.

நிறோ

*

பாஷையூர்
19.05.1989

நிறோ,

உனக்கு மூளை இருக்கிறதா? நான் ஓம் என்றால் சொல்வாயாம். நாளைக்கு உங்கள் இருவரையும் பிடித்து ஏற்றி அனுப்பினால், "அக்கா ஓம் எண்டவ" என்று சொல்லவா? இங்கே உன் வயதுப் பிள்ளைகளைத் தாய்மார் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிடித்துப் படையில் சேர்க்கப் பகலில் ஒரு கூட்டம் தேடி வருகிறது, இரவில் இன்னொரு கூட்டம். நீ வந்தால் படலை திறக்க மாட்டேன்.

நீ சொல்ல வேண்டாம். செய்தது அப்பா. அப்பா சொல்லட்டும். அவர் ஆம்பிளைதானே.

ஆனால் இதையும் கேள். நான் இனிப் பின்னல் கட்ட மாட்டேன். அந்தச் சட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் குசினியில் கைபிடித் துணியாக்கிவிட்டேன். அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கொழும்புக்குப் போனால் விக்ரோரியாவாகப் போவேன். பதினேழு என்று சொல்வேன். பிடிக்கவில்லையென்றால் விடட்டும்.

நீ வாயைத் திறக்காதே. இதை அக்காவாகச் சொல்கிறேன்.

விக்ரோரியா

*

ரண்டர்ஸ்
25.06.1989

அக்கா,

திறந்துவிட்டேன்.

பொலிஸுக்குப் போன அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அப்பா அன்றைய வேலைக்குப் போகாமல் வந்தவர். "மகள் சொல்லுவாள்" என்று தனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னார். எங்களை விசாரித்த பொலிஸ் மனுஷிக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேட்டா.

"ஊரிலிருக்கும் மகளுக்கு என்ன வயது?"

நான் தமிழில் கேட்டேன். அப்பா, "பதினைஞ்சு எண்டு சொல்லு" என்றார்.

நான் டெனிஷில் சொன்னேன்: "ஊரிலிருப்பது மூத்த மகள் என்று அப்பா சொல்கிறார். அவளுக்குப் பதினேழு. விக்ரோரியா அவள்தான். நான் நிறோஷினி. எனக்குப் பதினைந்து. புறப்படும்போது அவளுக்குச் சுகமில்லை. அவளுடைய பாஸ்போர்ட்டில் நான் வந்தேன். பயத்தில் மாற்றாமல் விட்டுவிட்டோம்."

அப்பாவுக்கு அவ்வளவு டெனிஷ் விளங்காது. ஆனால் எங்கள் இரண்டு பேருடைய பெயர்களும் இடம் மாறி விழுந்தது விளங்கிவிட்டது. மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது.

அந்த மனுஷி எழுதுவதை நிறுத்தினா. "இதை உன் அப்பாதான் சொன்னாரா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்பா, நீங்கள் சொன்னது இதுதானோ எண்டு கேக்கிறா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கையை விட்டுவிட்டு "யா" என்றார். டெனிஷில். அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் வேறு வேறு இருக்கையில் இருந்தோம். இறங்கும் இடத்தில் கேட்டார்.

"நான் சொல்லாததெல்லாம் சொன்னாய் என்ன?"

"ஓம்."

"பதினைஞ்சு எண்டதை மட்டும் விடாமல் சொல்லியிருக்கிறாய்."

அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. வாந்தி வந்தது. பஸ் தரிப்பிடத்திலேயே எடுத்தேன். அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்களைத் திருப்பி அனுப்புவதா இல்லையா என்று பிறகு அறிவிப்பார்களாம். உனக்குப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டுமாம். உன் பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் இரண்டையும் உடனே அனுப்பு. உடனே. ஆகஸ்ட் வருகிறது.

உன் சொல்லைக் கேட்கவில்லை. நீ திட்டி எழுது. ஆனால் பத்திரத்தை அனுப்பிவிட்டுத் திட்டு.

நிறோஷினி

*

கொழும்பு
04.03.1990

நிறோ,

இந்தக் கடிதத்தை அம்மா கொண்டு வருவா. அவவுக்கு முன்னால் வாசிக்காதே.

பத்திரங்களை நீ எழுதிய கிழமையே அனுப்பினேன். தபால் எங்கே கிடந்ததோ, புது விண்ணப்பம் பதிந்த நாளில் எனக்குப் பதினெட்டு கடந்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. அம்மாவுக்கு அனுமதி. எனக்கு இல்லை. உங்கள் இருவரையும் திருப்பி அனுப்பவில்லை என்ற செய்தியும் அதோடு வந்தது. அதை வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா எனக்கு இடம் கிடைக்காததற்கு அழுகிறேன் என்று நினைத்தா. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா போக மாட்டேன் என்று நின்றா. நான்தான் சண்டை பிடித்து லொட்ஜுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். "நீங்கள் இருந்து எனக்கு என்ன செய்யப் போறியள்? பின்னல் கட்டுவியளோ?" என்று கேட்டேன். நாளைக்கு விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பா. விரல் விரலாகக் கழற்றிவிட வேண்டியிருக்கும். அதற்கும் தயாராக இருக்கிறேன். பிறகு நான் மன்னாருக்குப் போகிறேன். அங்கே கன்னியர் மடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஆள் தேடுகிறார்களாம். சோதனை பாஸ் பண்ணியது அதற்காவது உதவுகிறது.

நீ சொன்னது பிழை என்று நான் எழுதப் போவதில்லை. பிந்தியது உன் வாய் இல்லை. நாங்கள் பொய் எழுதிக் கொடுத்தபோது அமைச்சுக்காரர் அதைத் திறக்கவில்லை. உண்மை எழுதிக் கொடுத்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார்கள். முதல் வருடமே திறந்து பார்த்து, "இது பொய்" என்று முகத்தில் எறிந்திருந்தால்கூட எனக்கு அப்போது பதினாறு. திருத்தி எழுதி வந்திருப்பேன்.

இவ்வளவு நாளும் உன்னைத்தான் திட்டினேன். விலாசம் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான் என்பதால்.

என் கோபம் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன். அங்கே பேப்பரில் இப்போதும் இதைப் பற்றி எழுதுகிறார்கள், விசாரணை வேண்டும் என்கிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். அந்த அமைச்சின் விலாசத்தை அனுப்பு. தெரு, இலக்கம், எல்லாம் சரியாக எழுது. எனக்கு டெனிஷ் தெரியாது. நீ மொழிபெயர்க்கவும் வேண்டாம். நான் தமிழில்தான் எழுதப் போகிறேன். விளங்கவில்லையென்றால் ஆள் பிடித்து வாசிக்கட்டும்.

விக்ரோரியா சூசைதாசன்